சேவியர் வீட்டுக் கல்யாண வண்டி

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே ஒரே கேள்வியைக் கேட்பீர்கள். "மேடம், எந்த எண் வந்தால் வண்டியை நிறுத்தணும்?" நல்ல கேள்விதான். பரீட்சைக்குப் படித்த கை பழக்கம் விடாது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்திருக்கிறீர்கள், அது உங்கள் தலையெழுத்து. அந்த எண் கையேட்டில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது அந்த எண் வராத ஒரு காலையைப் பற்றி.

நம் கம்பெனியின் முதல் மின்சாரக் கார் எப்படி வெளியே வந்தது என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். கடற்கரைச் சாலை, காற்றில் பறக்கும் முடி, பல் தெரியச் சிரிக்கும் குடும்பம். எல்லாம் புருடா. முதல் குழந்தையை முதல் தடவை தனியாகக் கடைக்கு அனுப்பும் தாய் மாதிரி, வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டேதான் அந்த வண்டியை அனுப்பினோம். ஊரெல்லாம் விற்பதற்கு முன்னால் கொஞ்சம் வீடுகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு. அந்த வீடுகள் எல்லாம் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில். தொழிற்சாலை பக்கத்திலேயே இருப்பதால், ஏதாவது என்றால் நம் ஆள் அரை மணியில் போய் நின்றுவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்து ஒருவர் சொன்னார். அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் எப்படி நிற்கும் என்பது வரைபடத்தில் தெரியாது.

அந்த வண்டிகளின் பாதுகாப்பு அப்போது என் பொறுப்பு. சோதனையில் நாங்கள் குறை வைக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் ஓட்டினோம். நிலக்கரித் தூசியில் நிறுத்தினோம். உப்புக் காற்றில் மாதக்கணக்கில் காய வைத்தோம். அதெல்லாம் போதாது என்று, இந்த முதல் வண்டிகளுக்கு மட்டும் டிக்கிக்கு அடியில் ஒரு பதிவுப் பெட்டி தனியாக வைத்தோம். பேட்டரியின் சூடு, மின்கசிவு எல்லாவற்றையும் அது நொடிக்கு நொடி தொழிற்சாலையின் கண்காணிப்பு அறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த அறையில் வசந்தி இருந்தாள். என்னோடு பல வருடம் வேலை பார்த்தவள். தேவையில்லாமல் போன் செய்யாத பெண்.

சேவியரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்குக் கொடுப்பவன். வீடு ராயபுரத்தில் ஒரு சந்தில். நாங்கள் வண்டி கொடுத்தவர்களிலேயே அவனைப்போல அதைக் கொண்டாடியவர் யாரும் இல்லை. மாதா கோயில் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து, தெருவுக்கே கேக் கொடுத்தான். போகிற வருகிறவனை எல்லாம் நிறுத்தி, "சத்தமே வராது பாரு" என்று ஏற்றி ஒரு சுற்று காட்டுவான். குடும்பம் போகிற வண்டிதான், லோடு அடிக்கக் கூடாது என்று கொடுக்கும்போதே சொல்லியிருந்தேன். "சேச்சே, நான் அப்டிலாம் பண்ணுவேனாக்கா" என்றான். அந்தப் பதிலிலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சேவியரின் தங்கை ரோஸ்லினுக்குக் கல்யாணம். எங்களுக்கும் பத்திரிகை வந்திருந்தது. நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே கோயிலுக்குப் போய்விடலாம் என்று வந்திருந்தேன். அப்போதுதான் வசந்தி கூப்பிட்டாள்.

சேவியர் வண்டியில் மின்கசிவு எண் சில நாட்களாகவே காலையில் சரிந்து, மதியத்துக்குள் பழையபடி ஏறிவிடும். அந்த எண் சரிந்தால் கசிவு கூடுகிறது என்று அர்த்தம். கடல் ஓரம், பனி, ஈரம் என்று கூட்டத்தில் பேசி முடித்திருந்தார்கள். அன்றைக்குச் சரிந்தது ஏறவே இல்லை. அதோடு, வண்டி சும்மா நிற்கும்போதே பேட்டரியின் பின்பக்க மூலையில் மட்டும் சூடு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வந்தது. இரண்டுமே, வண்டியை நிறுத்தச் சொல்லும் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. "தொடலை, ஆனா எனக்குப் பிடிக்கலை" என்றாள் வசந்தி. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

சேவியருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. கல்யாண வீட்டில் எவன் போன் எடுப்பான்? மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அவன்தான் அந்த வண்டியில் பொண்ணை உட்கார வைத்துக் கோயிலுக்கு ஓட்டிப் போகப்போகிறான் என்பது தெருவுக்கே தெரியும், எனக்கும் தெரியும். ரோஸ்லின், அவன் அம்மா, அக்கா பிள்ளைகள் இரண்டு பேர், எல்லாரும் அதில்தான் போவார்கள். அவர்கள் உட்காரும் பின்சீட்டுக்கு நேர் கீழேதான் அந்த மூலை.

திட்டத்தின் தலைவருக்குச் சொன்னேன். கெட்ட மனுஷர் இல்லை, இப்போதும் சொல்கிறேன். வண்டியைக் கண்காணிப்பு அறையிலிருந்தே ஓடாமல் செய்ய முடியும், ஆனால் அதற்கு அவர் சரி என்று சொல்ல வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோட்டைத் தொட்டதா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் கையேட்டின்படி இது முதல் நிலை எச்சரிக்கை, வாடிக்கையாளரைச் சௌகரியமான நேரத்தில் பணிமனைக்கு வரச் சொல்ல வேண்டியதுதானே என்றார். அடுத்த வாரம் ஊர் முழுக்க விற்பனையை ஆரம்பிக்கப் போகிறோம், கல்யாணத்தில் ஆயிரம் கேமரா இருக்கும், மணப்பெண்ணை நம் வண்டியிலிருந்து இறக்கிவிடும் படம் ஒன்று வெளியே போனால் இத்தனை வருட உழைப்பும் போச்சு என்றார். பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொள், கல்யாணம் முடிந்ததும் வண்டியை எடுத்து வா என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் வம்பு. முட்டாள்தனமான உத்தரவை மீறுவது சுலபம், நியாயமான உத்தரவு காலைக் கட்டிப் போட்டுவிடும்.

"போய்ப் பார்க்கிறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திருவொற்றியூர் தாண்டுவதற்குள் டிரெய்லர் வரிசை. ஒன்றின் பின்னால் ஒன்று, என்ஜினை அணைத்துவிட்டு டிரைவர்கள் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நம் அரை மணித் திட்டம் போட்ட புண்ணியவானை வாயில் வந்தபடி திட்டினேன். வசந்தி நடுநடுவே கூப்பிட்டு, சூடு இன்னும் ஏறுகிறது, கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது என்றாள். காரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன். வரிசைக்கு இடையில் நெளிந்து போன ஒரு மொபெட்டைக் கை காட்டி நிறுத்தினேன். பின்னால் மீன்கூடை கட்டும் பலகைதான் இருந்தது. பட்டுப்புடவையோடு அதில் ஏறி உட்கார்ந்ததும் அந்த ஆள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "கல்யாணத்துக்கு லேட் ஆயிடுச்சாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். மனுஷர் காற்றாய்ப் பறந்தார்.

சந்து முனையில் பேண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியின் முகப்பெல்லாம் ரோஜா. ரோஸ்லின் வெள்ளைப் பட்டும் தலையில் மெல்லிய துணியுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பிள்ளை. அம்மா அப்போதுதான் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். சேவியர் கோட்டு சூட்டோடு ஓட்டும் இருக்கையில். நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். பேண்டுக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு வாசிப்பை நிறுத்தினார்கள்.

எல்லாரையும் இறங்கச் சொன்னேன், காரணம் அப்புறம் சொல்கிறேன் என்றேன். சேவியர் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். நான் டிக்கியைத் திறக்கச் சொன்னேன்.

உள்ளே மேட் சொதசொதவென்று ஈரம். ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இத்தனை நாளும் விடிகாலையில் ஐஸ் பெட்டியில் மீன் வைத்து இதில்தான் ஓட்டல்களுக்குக் கொண்டுபோயிருக்கிறான். உருகிய ஐஸ் தண்ணீர் ஒழுகியிருக்கிறது, மதியத்துக்குள் காய்ந்திருக்கிறது. காலையில் சரிந்து மதியம் ஏறிய எண்ணுக்கு அதுதான் காரணம். ஆனால் மீன் நாற்றம் அடிக்கவில்லை. வேறு ஒரு வாசனை, எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை அடித்தது. நான் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து சேவியரின் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கவிச்சி அடிக்கிற வண்டில பொண்ண ஏத்த முடியுமா? புளியும் கல்லுப்பும் கரைச்சி ஒரு அண்டா ஊத்தி ஊற வெச்சேன். காலைல பைப்பு வெச்சி அடிச்சி வுட்டோம். இப்ப மோந்து பாரும்மா, துளி நாத்தம் கீதா?"

மீன் கழுவின சட்டியை என் வீட்டிலும் புளியும் உப்பும் போட்டுத்தான் தேய்ப்போம். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் அப்படித்தான். மேலிருந்து கொட்டும் மழைக்கும் கீழிருந்து ஏறும் வெள்ளத்துக்கும் அந்த வண்டியைத் தயார் செய்தோம். வண்டிக்கு உள்ளேயே ஒரு அம்மா அண்டா நிறைய உப்பும் புளிப்பும் ஊற்றுவார் என்று எந்தச் சோதனைக் கூடத்தில் யாருக்குத் தோன்றும்? மின்சாரம் கசிவதற்கு அதைவிட நல்ல தண்ணீரை நானே கலக்கினாலும் கலக்கியிருக்க முடியாது. அது பேட்டரிக்குள் எப்படிப் போனது என்று அப்போது தெரியவில்லை. போயிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

இந்த வண்டி கோயிலுக்குப் போகாது என்று சேவியரிடம் சொன்னேன். அவன் முகம் மாறியது. கூட்டம் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைக்க வந்தவர்கள் இரண்டு பேர் ஓரமாக நின்று ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பாதிப் பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"இன்னாக்கா பேஜாரு பண்ற? பேட்டரி வண்டில பொண்ண கூட்டினு வரான்னு அவுங்க ஏற்கெனவே சிரிச்சிகினு கீறாங்க. இப்ப தங்கச்சிய நடுத்தெருல இறக்கிட்டு நான் மூஞ்ச எங்க வெச்சிக்கிறது? கோயிலு அந்தாண்ட தெருக்கா. தோ, ரெண்டு நிமிசம்."

அதே நேரத்தில் தலைவர் போனில். யாராவது படம் எடுக்கிறார்களா என்று கேட்டார். எல்லாரும் எடுக்கிறார்கள் என்றேன். கோட்டைத் தொட்டதா என்றார். இல்லை. அப்புறம் எதற்கு அங்கே நிற்கிறாய், போக விடு, பக்கத்துத் தெருதானே என்றார். ஒன்றும் ஆகாவிட்டால் நீ யாருக்குப் பதில் சொல்லுவாய் என்று கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்று சொன்னால் போதாது. நான் சொல்வது சரியா என்று எனக்கே தெரியாது. வண்டி ஒரு குறையும் இல்லாமல் கோயிலுக்குப் போய், நூறு வருடம் ஓடியிருக்கவும் கூடும். இத்தனை பேர் நடுவில், ஒரு பெண்ணின் கல்யாண நேரத்தில், வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் ஆகலைன்னா சந்தோஷம் சார்" என்று சொல்லி போனை வைத்தேன்.

ரோஸ்லின் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே கதவைத் திறந்தாள். "புள்ளைங்கள மொதல்ல வாங்கிக்கோ" என்று மடியிலிருந்ததை என்னிடம் நீட்டினாள். அப்புறம் புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி, தெருமுனையில் நின்ற ஷேர் ஆட்டோவை நோக்கி நடந்தாள். சேவியரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவள் அம்மா அழுதுகொண்டே பின்னால் ஓடினார். அந்த அழுகை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

வண்டியைச் சந்துக்குள் விட முடியாது. இரண்டு பக்கமும் வீடு, சுவருக்குச் சுவர் கை வைத்தால் எட்டும். கிளப்பவும் கூடாது. தள்ளித்தான் ஆக வேண்டும் என்றேன். சேவியர் அசையாமல் நின்றான். அவன் சித்தப்பா ஒருவர்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் கை வைத்தார். படகு தள்ளுகிற ஆட்கள், அவர்களுக்கு ஒன்றாகத் தோள் கொடுக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரோஜா மாலையோடு அந்த வண்டி சந்தைவிட்டு, சாலையைத் தாண்டி, வலை காயப்போடுகிற வெட்டவெளிக்குப் போய் நின்றது. தீயணைப்பு வண்டிக்குச் சொன்னேன். வந்தார்கள்.

ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் இந்தக் கதையில் தீயை எதிர்பார்த்திருப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். வெயிலில் நின்று அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு ஏறுவது நின்றுவிட்டது என்று வசந்தி சொன்னாள். தீயணைப்புக்காரர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். கல்யாணம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். "இன்னா மேடம், எப்ப வெடிக்கும்?" என்று ஒருவன் கேட்டான், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னைப் பந்திக்கு யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் வண்டியைத் தூக்கி வந்து தொழிற்சாலையின் திறந்தவெளியில் தனியாக நிறுத்தினோம். வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் பேட்டரியைத் திறக்கும்போது தானும் இருக்க வேண்டும் என்று சேவியர் வந்துவிட்டான். என்னோடு பேசவில்லை. தலைவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். லோடு அடித்ததும் தண்ணீர் ஊற்றியதும் வாடிக்கையாளரின் தவறு, இது ஒரு வண்டியின் கதை, விற்பனை தேதியில் மாற்றமில்லை. அதை அவனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். சேவியர் தலையைக் குனிந்துகொண்டான்.

மூடியைத் தூக்கியபோது உள்ளே பழுப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் புளியின் நார் ஒன்று மிதந்தது. ஒரு இணைப்பு கருத்துப்போயிருந்தது. தண்ணீர் வந்த வழியைத் தேடிப் போனார்கள். டிக்கியின் அடித்தகட்டில் ஒரு ஓட்டை, அதற்குள் ஒரு ஒயர், ஒயரைச் சுற்றிப் போட்டிருந்த ரப்பர் ஒரு பக்கம் விலகியிருந்தது. அது வண்டியோடு பிறந்த ஓட்டை இல்லை. நம் பதிவுப் பெட்டியின் ஒயரைப் பேட்டரிக்குக் கொண்டுபோக நாமே போட்ட ஓட்டை. ஜாக்கிரதைக்காக வைத்த பெட்டி, அதற்காகத் துளைத்த துளை, அதன் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போயிருக்கிறது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சேவியர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினான்.

"இது தீ புடிச்சிருக்குமா?"

மூடியைத் திறந்த பேட்டரி நிபுணர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கருத்த இணைப்பைப் பார்த்ததுமே அவர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்: கோயில் போவதற்குள் பற்றியிருக்கலாம், ஆறு மாதம் கழித்தும் பற்றியிருக்கலாம், பற்றாமலே இருந்திருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான். அவன் வீட்டில் எனக்கு ஒரு வாழ்நாள் விருந்து நடந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாதுப்பா" என்றேன்.

"தெரியாமயா அவ்ளோ பேருக்கு முன்னால என் தங்கச்சிய இறக்கின?"

"தெரியாததாலதான் இறக்கினேன்."

அவன் என்னைப் பார்த்தான். கோபமா, வருத்தமா, எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி குனிந்து அந்த ஓட்டையையே பார்த்தான். விலகியிருந்த ரப்பரை விரலால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தான். பிறகு, தலைவர் நிற்பதைக்கூடக் கவனிக்காமல் கேட்டான்.

"மத்த வூட்டுக்குக் குடுத்தீங்களே, அந்த வண்டிங்கள்லயும் இந்த ஓட்டை கீதா?"

"இருக்கு. எல்லாத்திலயும் இருக்கு."

"அப்ப என்னான்ட நின்னு இன்னா பேசிகினு கீற? அதுங்கள நிறுத்துக்கா மொதல்ல."

நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அங்கேயே நின்று வசந்தியைக் கூப்பிட்டு, எல்லா வண்டியையும் நிறுத்தச் சொன்னேன். தலைவர் பக்கத்தில்தான் இருந்தார், தடுக்கவில்லை. அவள் ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லி, நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிப் பெயர் வரும்வரை சேவியர் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.